திரும்பியிருந்த வாப்பா

ஒக்டோபர் 14, செவ்வாய்

இறுதி வருடச் சித்திரப் புத்தகத்தின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இன்று விரிவுரையாளர் அழைத்தார். களப்பில் இறால் பிடிக்கும் ஒருவரின் கதை அது. பக்கமெல்லாம் அவருடைய முதுகுதான் இருக்கிறதாம்.

“புத்தகத்தைத் திறக்கிற சின்னப் பிள்ளை யாற்ற முகத்தைப் பார்க்கும்? ஒரு பக்கத்திலயாவது முகம் வேணும்.”

அந்த ஆள் என் வாப்பா. போன நோன்புக்கு முன் மௌத்தானார்; அடக்கம் செய்து எட்டு மாதமாகிறது. நான் வரைந்ததெல்லாம் கிழிந்த வலை பொத்தும் முதுகு, தோணி தள்ளும் முதுகு. பென்சிலை எடுத்தாலே திரும்பி உட்காருவார். என் சித்திரப் படிப்பு பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் பிடரிச் சுருக்கத்தைக்கூட விடாமல் வரைந்தேன்.

சாப்பிடும்போது உம்மாவிடம் இதைச் சொல்லி, வாப்பா என்மேல் கோபத்தில்தானே திரும்பி உட்கார்ந்தார் என்று கேட்டேன். சோறு பிசைந்த அவர் கை நின்றுவிட்டது.

“கோவமா? இல்ல மகள். மொகம் வரையிறது நம்மட மார்க்கத்துல ஆகாதுண்டு அவருட மனசுல கிடந்திச்சு. உன்ன வரையாதேண்டு சொல்லவும் ஏலாம இருந்திச்சு. ‘நான் திரும்பி இருந்தா புள்ள பயமில்லாம வரையும்’ எண்டுவாரு. இடுப்பு வலிச்சாலும் அசைய மாட்டாரு.”

“இப்ப முகத்த வரையட்டா உம்மா?”

“வரை. நானும் பார்க்கணும்.”

வாப்பாவின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் இருப்பது ஸ்டூடியோக்காரன் நிமிர்த்திவைத்த முகம். அதைக் கவிழ்த்துவிட்டு நினைவிலிருந்தே வரையப் பார்க்கிறேன்.

பென்சிலை எடுத்ததும் வாப்பா திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.