எள்ளுச்சோறு தின்ற பூனை

இன்று காலை கராஜ் கதவைத் திறந்ததும் டின் மத்தி மீனின் எண்ணெய் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உன் இரும்புக் கூண்டுதான். எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உன் கார் டிக்கியில் கிடந்தபோதும் இப்படித்தான் நாறும். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவேன். நீயோ, "சாமி ஒண்டும் சொல்லாது, நீர் பேசாமல் வாரும்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டிவைப்பாய்.

உன் இறுதிச்சடங்கு முடிந்த வாரத்தில் உன் வீட்டுக்காரர் அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். "இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ, தங்கச்சி. வேற ஒண்டும் சொல்லேல்லை." வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். பத்து வருஷம் பழகியவளுக்கு ஒரு சேலை விட்டுப்போயிருக்கலாம். நீ எனக்கு விட்டுப்போனது பூனைக்கூண்டு. உன் மேல் எனக்கு இருக்கும் கோபங்களில் இதுவும் ஒன்று. எழுதியே தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டார்னெய்ட் புறநகரில் நம் வீடுகள் ஒரே வரிசை, நடுவில் இரண்டு வீடு. பின்வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய புல்வெளி. அது அரிய புல்லையும் பிராணிகளையும் காக்கிற காப்பு நிலம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னும் மனை போடாத பொட்டல் என்றுதான் முதல் இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பி போட்டுக்கொண்டு நாலைந்து வெள்ளைக்காரர்களோடு அங்கே நடப்பதைப் பார்த்து, பாவம், ஏதோ தொலைத்துவிட்டாள் என்றுகூட நினைத்தேன்.

ஒரு வசந்தத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். புல்லுக்குள் வரிசையாகக் கூரை ஓடுகளைப் போட்டு வைத்திருந்தீர்கள். வெயிலுக்கு ஓடு சூடாகும், அதன் கீழே சின்னப் பிராணிகள் வந்து ஒதுங்கும், மெதுவாகத் தூக்கிப் பார்த்து எழுதிக்கொள்வீர்கள். ஏழாவது ஓட்டைத் தூக்கியபோது, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று, பெரிய கறுப்புக் கண்ணும் தடித்த வாலுமாக நம்மைப் பார்த்தது.

"ஐயோ, எலி" என்றேன்.

"எலி இல்லை. டன்னார்ட். வயித்தில பை வைச்சிருக்கு, அதுக்குள்ள குட்டியள். கங்காருவின்ர சொந்தம்." ஓட்டைக் கைக்குழந்தையைக் கிடத்துவது போலத் திரும்ப வைத்தாய். "இந்தப் புல்லுவெளியை விட்டா இதுக்குப் போக இடமில்லை. பூனை ஒண்டு உள்ள வந்தா ஒரு கிழமையில துடைச்சுப் போடும்."

அப்போதுதான் கூண்டு விவகாரம் எனக்குத் தெரிந்தது. புல்வெளிக்குள் பூனை பிடிக்க அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம், வீட்டுத் தோட்டங்கள் வழியே வந்துபோகும் பூனைகளை நீ பார்த்துக்கொண்டாய். கவுன்சில் அனுமதியோடு உன் பின்வளவில் கூண்டு வைப்பாய். கழுத்துப் பட்டியோ, தோலுக்கடியில் அடையாளச் சிப்போ உள்ள பூனை என்றால் உரியவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும். யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டுப்பூனையாகிப் போனவை திரும்பி வராது. அதை நீ ஒருநாளும் பூசி மெழுகிச் சொன்னதில்லை.

அதற்காக நீ வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா? தெரு வாட்ஸ்அப் குழுவில் உன்னைக் கொலைகாரி என்று எழுதினார்கள். பூனையைக் கொன்றால் பொன்னில் பூனை செய்து காசியில் தானம் கொடுத்தாலும் தீராது என்று கோயில் அன்னதான வரிசையில் வைத்தே ஒரு மாமி உன்னிடம் சொன்னார். என் மகளும் ஒரு நாள், "இட்ஸ் நாட் தெயர் ஃபால்ட், ஆன்ட்டி" என்று உன் முகத்துக்கு நேரே கேட்டாள். நீ கோபப்படவில்லை. "பூனையில பிழை எண்டு ஆர் பிள்ளை சொன்னது? கொண்டுவந்து விட்ட ஆக்களில பிழை. சோறு வைக்கிற ஆக்களில பிழை" என்றாய். நானும் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினேன். பின்தெருவில் பால் வைக்கிற கிழவரைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

என் வீட்டுச் சங்கதியும் உனக்குத் தெரியும். இவருக்கு ஏழரைச் சனி பிடித்து வேலை போன நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எள்ளுச்சோறு பிசைந்து, நெய் விட்டு, பின்வேலி ஓரம் காகத்துக்கு இலையில் வைத்துவிட்டுக் கும்பிட்டு உள்ளே வந்துவிடுவேன். அமாவாசைக்கு அப்பாவை நினைத்து வடையும் அப்பளமும் கூடச் சேரும். "அது காகமில்லை, ரேவன்" என்று நீ கிண்டல் செய்தாய். "கறுப்பா இருக்கு, கா கான்னு கத்துது. எங்கப்பாவுக்கு அது போதும்" என்றேன். ஒரு மணிநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இலை துடைத்து வைத்தது போல இருக்கும். நாலு வருஷம் அந்தக் காலி இலையைப் பார்த்துப் பூரித்துப்போனவள் நான். இவருக்கு வேலை கிடைத்தபோது அந்த இலைக்குத்தான் நன்றி சொன்னேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் நீ வந்து என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாய். தண்ணீர் கேட்டாய். குடிக்கவில்லை. ஏழாவது ஓட்டுக்குக் கீழே இரண்டு வாரமாக ஒன்றும் இல்லை என்றாய். பிறகு, புல்வெளியில் அந்த ஆள் ஒரு பூனையைப் பிடித்ததையும், வழக்கம்போல வயிற்றைத் திறந்து என்ன தின்றிருக்கிறது என்று பார்த்ததையும் சொன்னாய். அதில் டன்னார்ட்டின் காலும் வாலும் இருந்தனவாம். கூடவே சோறும் இருந்ததாம்.

"சோத்தில எள்ளு" என்றாய். "இந்தப் பக்கத்தில எள்ளுச்சோறு வைக்கிற வீடு எது எண்டு அந்த மனுசன் என்னட்டத்தான் கேட்டவர்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. "உன் எலிக்காக என் அப்பாவைப் பட்டினி போடச் சொல்றியா?" என்று கத்தினேன். "உமக்கென்ன விசரே? உம்மட அப்பா சாப்பிடேல்லை எண்டுதான் சொல்லுறன்" என்று நீயும் கத்தினாய். தண்ணீர் தம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனாய். அதன்பிறகு இரண்டு மாதம் நாம் பேசவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்துகொண்டு, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது கூட முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் அடுத்த சனிக்கிழமை இலையை வைத்துவிட்டு ஜன்னலடியில் நின்றேன். ஒரு காகம் வந்தது. ஒரு வாய்ச் சோற்றை மட்டும் கொத்திக்கொண்டு பறந்தது. பார்த்தாயா என்று உன்னிடம் மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள், வேலிப் பலகை மேல் வரிவரியான சாம்பல் பூனை ஒன்று ஏறி, நாள்தோறும் வருகிற வீட்டுக்குள் நுழைவது போலச் சாவகாசமாக இறங்கியது. முழுவதையும் தின்றது. நெய் பட்ட இடத்தை இரண்டு தரம் நக்கியது. பிறகு வேலிக்கு அடியில் நுழைந்து புல்வெளிக்குள் போய்விட்டது. என் நாலு வருஷப் பக்தி அந்தப் பூனையின் வயிற்றில் போயிருக்கிறது.

உடனே ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? வீம்பு. சோறு வைப்பதை நிறுத்தினேன், உன்னிடம் சொல்லவில்லை. நீயாக வந்து பேசட்டும் என்று இருந்தேன். நீயும் உனக்கு வந்த நோயைச் சொல்லாமல், நானாக வரட்டும் என்று இருந்திருக்கிறாய். கடைசியில் உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். என்னைப் பார்த்ததும், "பாத்தனீரே?" என்று மட்டும் கேட்டாய். "பார்த்தேன்" என்றேன். "எத்தினை?" "ஒண்ணு. சாம்பல் நிறம்." "அதை ஒருத்தரும் பிடிக்கேல்லை இன்னும்" என்று சலித்துக்கொண்டாய். அவ்வளவுதான் நம் சமாதானம். மிச்சமிருந்த நாட்களில் அந்தப் பூனையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். பசித்த பூனைதான் கூண்டுக்குள் வரும், வயிறு நிறைந்தது எட்டிக்கூடப் பார்க்காது என்று சொல்லிக்கொடுத்தாய்.

உன் முப்பத்தோராம் நாள் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உன் வீட்டுக்காரரிடம் கேட்டு உன் பின்வளவில் கூண்டு வைத்திருந்தேன். பின்தெருக் கிழவரையும் கெஞ்சிக் கூத்தாடிப் பால் வைப்பதை நிறுத்தியிருந்தேன். சாம்பல் பூனை இரண்டு நாளாகக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னும் ஒரு நாள் பசித்தால் உள்ளே போய்விடும். அப்போது மல்கிரேவிலிருந்து வந்த உன் தங்கை, பூசை முடிந்ததும் தலைவாழை இலையில் உனக்குப் பிடித்ததெல்லாம் எடுத்து, பின்வளவில் கொண்டுபோய் வைத்தாள். காகம் எடுத்த பிறகுதான் எல்லோரும் சாப்பிட வேண்டும். வீடு நிறையப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் உன் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். "காகம் எடுக்கிற வரைக்கும் நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றும் சொன்னேன். நின்றேன். வேலிக்கு அப்பால் ஒரு காகம் கம்பத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. கொட்டகைக் கூரை மேல் பூனையும் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் நின்றால் காகம் வராது. நகர்ந்தால் பூனை வரும். அரை மணிநேரம் போயிற்று. உள்ளே யாரோ, அவவுக்கு ஏதோ மனக்குறை, அதுதான் எடுக்கிறா இல்லை என்றார்கள். உன் தங்கை அழுதுகொண்டே வந்து, "நீங்கள் நிண்டா எப்பிடி வரும்? தயவுசெய்து உள்ள வாங்கோ. அவவைச் சாப்பிட விடுங்கோ" என்று என் கையைப் பிடித்தாள்.

காகம் வரும்வரை வைத்திருங்கள் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இன்னொரு வாரம் பூனையைப் பட்டினி போட்டிருக்கலாம். ஆனால் புல்வெளியில் டன்னார்ட்டுகளின் பைக்குள் குட்டிகள் இருக்கிற மாதம் அது. நான் குனிந்து இலையை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, உனக்கு வைத்த சோற்றை உன் குசினிக்குள் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஒருவர் கூட என்னோடு பேசவில்லை. நானும் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பூனை கூண்டுக்குள் இருந்தது. சீறும் என்று நினைத்தேன். மூலையில் ஒடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். கவுன்சில்காரர் வந்து சிப் தேடினார், இல்லை. எடுத்துக்கொண்டு போனார். அதற்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷம் நான் நெய் விட்டு வளர்த்த பூனை அது. சந்தோஷப்பட வேண்டிய நாளில் உன் பின்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உன் தங்கைக்கு ஃபோன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். பசியால்தான் பூனை உள்ளே போனது, இலையை விட்டிருந்தால் போயிருக்காது என்று விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "பூனை பசியில வந்தது எண்டு சொல்லுறீங்கள். என்ர அக்காவும் பசியோடதான் போயிட்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் என் ஃபோனை எடுப்பதில்லை.

நான் செய்தது சரிதான். யார் கேட்டாலும் சொல்வேன். நீ இருந்திருந்தால் நீயே அந்த இலையைப் பிடுங்கியிருப்பாய், அதுவும் தெரியும். தெரிந்து என்ன? தினமும் தட்டின் முன் உட்கார்ந்தால் முதல் கவளத்தை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்துவிடுகிறேன். இவர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு என்ன என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். அன்றைக்கு உனக்குப் பசித்ததா என்று மட்டும் சொல்லு.