சின்னக் கமரா பற்றி ரெஜி அண்ணாவுக்கு

என் பாசத்துக்குரிய ரெஜி அண்ணா,

சின்னக் கமராவை வாங்கிவிட்டேன். முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். மற்றச் செய்திகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன. நீங்கள் இருந்திருந்தால் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுக்கு சார்ஜர் இருக்கா, இல்ல சாவி குடுத்து ஓட்டுறதா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொட்டாஞ்சேனை, துறைமுக அலுவலகத்தில் கிளாக் வேலை. நான் பாமன்கடை, வெள்ளவத்தையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. பதினேழு வருடங்களாகச் சனி, ஞாயிறுகளில் சேர்ந்து கலியாணங்களுக்குப் படம் எடுத்தோம். கோயிலிலும் மண்டபத்திலும் நீங்கள், மணப்பெண் உடுத்தும் அறையில் நான். போன வருடம் ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்த நீங்கள் எழும்பவில்லை. அடுத்த வாரக் கலியாணத்துக்கு நான் தனியாகப் போனேன். ஒப்புக்கொண்ட வேலை, வேறு என்ன செய்வது?

சின்னக் கமரா பற்றி நமக்குள் எத்தனை வருட வாக்குவாதம்? ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வோம் என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்களிடம் ஒரே பதில்தான். "பெரிய கமராவக் கண்டாத்தான் தங்கச்சி சனம் வழி விடும். சின்னதக் கொண்டு போனா நம்மளயும் சாப்பிட வந்த ஆள் எண்டு நினைப்பாங்க." நான் கோபித்துக்கொள்வேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

இப்போது வாங்கியதற்குக் காரணம் ஆசை இல்லை, தோள். வலது கையைத் தூக்கித் தலை வாரி இழுக்கவே முடியாமல் போய்விட்டது. கொள்ளுப்பிட்டியில் பார்த்த டொக்டர் என் பையைத் தன் கையால் தூக்கிப் பார்த்தார். "இதை எத்தனை மணித்தியாலம் தொங்கவிடுறீங்கள்?" என்று கேட்டார். பத்து என்றேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். அந்த வாரமே, சிங்கப்பூரில் இருக்கும் என் பெறாமகனிடம், அக்காவின் மகனிடம், சின்னக் கமரா ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தபோது உண்மையில் ஏமாற்றமாக இருந்தது, அண்ணா. கொடுத்த விலைக்கு இவ்வளவுதானா என்று தோன்றியது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அழுத்தினால் லென்ஸ் வெளியே வருகிறது, அணைத்தால் உள்ளே போய்விடுகிறது. ஜீன்ஸ் பொக்கற்றில் வைக்கலாம். ஆனால் பிடிப்பதற்குச் சரியான இடம் இல்லை. கொழும்பு வெயிலில் கை வியர்த்தால் சோப்புக்கட்டி போல வழுக்குகிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரமும் இல்லை, பின்பக்கத் திரை மட்டும்தான். மாலை நாலு மணிக்கு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் நின்று எடுத்துப் பார்த்தேன். திரையில் என் முகம்தான் தெரிந்தது, கடல் தெரியவில்லை.

சூம் கிடையாது. ஒரே லென்ஸ், அதுவும் அகலமானது. தூரத்தில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். கிட்டப் போனால் மூக்கு நீளுகிறது. என் அக்கா தன்னை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பற்றரி இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் பெரிய காரியம். உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத விஷயம் ஒன்றும் இருக்கிறது: கார்ட் போட ஒரே ஓர் இடம்தான். ஒரு கார்ட் பழுதானால் இன்னொன்றில் இருக்கும் என்ற நிம்மதி இதில் இல்லை.

ஆனால் அன்றிரவு படங்களைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன். கடற்கரையில் மாங்காய் விற்றவரின் கையில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூள்வரை தெரிந்தது. பெரிய கமராவுக்குள் இருக்கும் அதே அளவு சென்சர்தான் இதற்குள்ளும் இருக்கிறது. கால்வாசியை வெட்டி எடுத்தாலும் படம் உடையவில்லை. இன்னொன்று, அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெரியதைத் தூக்கியிருந்தால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றிருப்பார்.

பிறகுதான் நீங்கள் சொன்னது நடந்தது.

கிருலப்பனையில் ஒரு வீட்டில் எழுத்து, கலியாணப் பதிவு. நாற்பது பேர், அங்கேயே தாலி கட்டு, மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். சின்ன நிகழ்வுக்குச் சின்னக் கமரா போதும் என்று நினைத்துவிட்டேன். வாசலில் பெண்ணின் தகப்பன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, கமரா ஆர் கொண்டு வருகினம்?"

"இதுதான் ஐயா கமரா."

அவர் அதையும் என்னையும் பார்த்தார். "சரி. நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள்தானே."

தாலி எடுக்கும்போது எல்லோரும் எழும்பி முன்னுக்கு வந்தார்கள், எல்லோர் கையிலும் போன். நான் போட்டோக்காரி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "கொஞ்சம் விலகுங்கோ" என்றேன். ஒரு பெரியவர் "நாங்களும் எடுக்க வேணும்தானே பிள்ளை" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அவருடைய கைக்குக் கீழே குனிந்து அழுத்தினேன். கிடைத்தது நீலச் சேட்டுப் போட்ட ஒருவரின் முதுகும், அதற்குப் பக்கத்தில் பெண்ணின் தாயின் முகமும். முடிச்சு கிடைக்கவில்லை.

பெண்ணின் தகப்பனிடம் மறைக்க மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னரே போய்ச் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் பரவாயில்லை. "இனி என்ன செய்யிறது, திருப்பிக் கட்டச் சொல்ல ஏலாதே" என்று மெதுவாகச் சொன்னார். வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பதினேழு வருடத்தில் நாம் தாலியைத் தவறவிட்டதில்லை. வீட்டுக்கு வந்து சின்னக் கமராவைப் பெட்டியில் போட்டு அலுமாரியில் வைத்தேன். நீங்கள் சொன்னது சரி என்று சொல்ல ஆள் இல்லையே என்பதுதான் அப்போது பெரிய குறையாக இருந்தது.

இனி உங்கள் வீட்டுச் செய்தி.

உங்கள் மகள் ஷர்மிக்கு ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மருமகன் தினேஷ் கட்டாரில். லீவு கிடைத்து வர ஐந்து நாளாகும். மூன்றாம் நாள் பிள்ளையின் நெஞ்சில் கிருமி என்றார்கள். பெரிய டொக்டர் அண்ணியைக் கூப்பிட்டு, எதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். காலை எட்டு மணிக்கு அண்ணி எனக்குப் போன் எடுத்தார்.

"தேவகி, பதினொரு மணிக்கு பாதர் வாரார், பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்க. கமராவோட வாங்க."

"உள்ள விடுவாங்களா அண்ணி?"

"தெரியாது. தினேஷ் இன்னும் பிள்ளையப் பார்க்கல்ல."

தினேஷ் வரும்வரை பிள்ளை இருக்குமா என்பதுதான் கேள்வி. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் பெரிய கமராவைத்தான் முதலில் எடுத்தேன். கதவுவரை வந்தபிறகு திரும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான காரணம் சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் அவ்வளவு பெரிய சாமானோடு நிற்கக் கூச்சமாக இருந்தது.

வார்ட் வாசலில் இருந்த தாதி மிஸ், கமரா என்றதுமே கையை ஆட்டிவிட்டார். வெளிச்சம் அடிக்கக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது, பிள்ளைகள் திடுக்கிடும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் சின்னக் கமராவை எடுத்துக் காட்டினேன். இதில் வெளிச்சமே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஒன்று எடுத்தேன்.

"எடுங்களேன்" என்றார்.

"எடுத்துவிட்டேன் மிஸ்."

திரையில் தன் காதையும் தோட்டையும் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய் டொக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் கமராவை முன்னும் பின்னும் துடைக்கச் சொன்னார். முழங்கைவரை கை கழுவினேன். இரண்டு நிமிடம், பெட்டியில் சாயக்கூடாது, அழக்கூடாது. இதே வரிசையில்தான் சொன்னார்.

பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். அவ்வளவு இடம்தான். அந்த அகலமான லென்ஸில் பிள்ளை, ஷர்மி, அண்ணி, பாதர் எல்லோரும் அடங்கினார்கள். உங்களுடைய நீள லென்ஸோடு நான் பக்கத்து வார்டில்தான் நின்றிருக்க வேண்டும். பாதர் பெட்டியின் வட்டத் துளைக்குள் கையை விட்டு, விரல் நுனியில் தொட்ட தண்ணீரை நெற்றியில் வைத்தார். பிள்ளையின் நெற்றி அவருடைய பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஷர்மி பெயரைச் சொன்னாள்: ரெஜினா. அண்ணிக்குக்கூட அந்தப் பெயர் முன்னரே தெரியாது. அண்ணி ஷர்மியின் முதுகில் கையை வைத்தார்.

பதினொரு படம் எடுத்தேன். இரண்டு தெளிவில்லை, மங்கிய வெளிச்சத்தில் அந்தக் கமரா கொஞ்சம் தடுமாறுகிறது. மிஸ் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும்.

வராந்தாவுக்கு வந்து தினேஷுக்கு அனுப்பப் பார்த்தேன். கமராவிலிருந்து போனுக்குப் படம் மாற்றும் அந்த ஆப் மூன்று தடவை அறுந்துபோனது. அந்தக் கம்பனிக்காரரைத் திட்டிக்கொண்டு நாலாம் தடவையும் முயன்றேன். படம் போய்ச் சேர்ந்ததும் தினேஷ் உடனே போன் எடுத்தான். முதலில் கேட்டது இதைத்தான்.

"அன்டி, விரல் எல்லாம் இருக்கா?"

"இருக்கு தம்பி."

"எண்ணினீங்களா?"

எண்ணவில்லை. "நீங்களே பெருசாக்கிப் பாருங்கோ, தெரியும்" என்றேன். அவன் பெரிதாக்கினான். போனில் அவன் எண்ணுவது கேட்டது. ஒரு கையில் ஐந்து. மற்றக் கையில் மூன்றோடு நிறுத்தினான். குழாய் ஒட்டிய பிளாஸ்டரில் மற்ற இரண்டும் மறைந்திருந்தன. அடுத்த படத்தை அனுப்பினேன். "நாலு, அஞ்சு" என்றான்.

தினேஷ் வந்திறங்கியபோது பிள்ளை இருந்தாள், அண்ணா. மருந்து பிடித்துவிட்டது. மெல்ல மெல்லத்தான், ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கி. ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பால் குடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கத்துகிறாள். போன ஞாயிறு போயிருந்தேன். மேல் மாடிக்காரர் இறங்கி வந்து, "பிள்ளைக்கு நல்ல குரல்" என்று சொல்லிவிட்டுப் போனார். முறைப்பாடா பாராட்டா என்று தெரியவில்லை. அண்ணி அவருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

நம் வாக்குவாதத்தை எப்படி முடிப்பது? கலியாணத்துக்கு இப்போதும் பெரியதைத்தான் கொண்டுபோகிறேன், சில்லு வைத்த பெட்டியில் இழுத்துக்கொண்டு. அதைக் கண்டால் சனம் வழி விடுகிறது; நீங்கள் சொன்னது சரிதான். சின்னது எந்த நேரமும் கைப்பையில் இருக்கிறது. வழி விட ஒருவரும் இல்லாத இடங்களும் இருக்கின்றன, அண்ணா. இதை நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? ஒத்துக்கொள்ளாமல் வேறு கதை தொடங்கியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் பிள்ளையை முதன்முதலாக வெளியில் கொண்டுபோகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே போவது என்று தினேஷ் கேட்டபோது, "முதல்ல சேமக்காலைக்கு, அப்பாகிட்ட" என்று ஷர்மி சொன்னாள். என்னையும் வரச் சொன்னாள். "அன்டி, அண்டைக்கு நீங்க படம் எடுக்க வேணாம். நாங்க மெழுகுதிரி கொளுத்துற நேரம் பிள்ளைய நீங்க வச்சிருங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். கமராவை வீட்டில் வைத்துவிட்டு வருவேன். உங்கள் கல்லறைக்கு முன்னால் அவள் எவ்வளவு கத்தினாலும் கீழே வைக்க மாட்டேன்.

பாமன்கடையிலிருந்து,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி
தேவகி