நாலு மரமும் ஒரு லொறியும்

23.1.1973

குஞ்சு, இன்று யாழ்ப்பாணம் போய் லொறிக் கந்தோரில் கதைத்துவிட்டு வந்தேன். திருகோணமலைக்கு வீட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிற ஆட்கள். இனி என்னைத் தனிய விட ஏலாது என்று அங்கே இருக்கிற உன் அக்கா கமலாவதி ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்கும் வயிற்றில் இரண்டாவது. வாறன் என்று சொல்லிவிட்டேன். இங்கே இருந்தும் என்ன? கரையில் ஆர் சத்தம் போட்டாலும் நீயாக்கும் என்று எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

கந்தோரில் இருந்தவர் என்னென்ன சாமான் என்று கேட்டார். பெட்டகம், கட்டில், உரல், அம்மி, சட்டி பானை. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். கடைசியில் உன் கட்டுமரத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டுமரமோ? அம்மா, இது லொறி. கப்பலில்லை."

பக்கத்தில் நின்ற றைவர் யாகப்பு சிரித்தான். "அவிழ்த்துத் தாங்கோ, ஏத்துறன். நாலு மரத்தையும் நீட்டுக்கு அடுக்கிப்போட்டு மேலை கட்டிலை வைக்கலாம். கட்டினபடி எண்டால் றோட்டிலை எதிரை ஒரு சைக்கிளும் வரேலாது."

அவிழ்க்க வேணுமாம். லொறிக்கு நாள் மட்டும் குறித்துவிட்டு வந்துவிட்டேன்.

26.1.1973

அது நீ கட்டின கட்டு. கடலால் வந்தால் அன்றன்றைக்கே அவிழ்த்து மரங்களைக் காயப் போடுகிறவன் நீ. அந்தக் கடைசி நாள் பல்லுக் கிட்டி நடுங்கிக்கொண்டு வந்தாய். "நாளைக்கு அவிழ்க்கிறன் அம்மா" என்று பாயை இழுத்துப் போட்டுப் படுத்தாய். நெருப்புக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிறகு நீ கரைக்குப் போகவே இல்லை.

ஐப்பசி தொடக்கம் அது அப்படியே கிடக்கிறது. நான் ஒருத்தரையும் தொட விடவில்லை. என்ரை பிள்ளை கடைசியாய்ப் போட்ட முடிச்சு. அதை ஆரோ ஒருத்தன் வந்து பிரிக்கிறதோ?

30.1.1973

பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை அண்ணை வந்தார்.

"தங்கச்சி, கட்டினபடி கிடந்தால் மரம் உக்கிப் போகும். ஒண்டில் வித்துப்போட்டுப் போ, இல்லாட்டி அவிழ்க்க விடு."

"விக்கேல்லை அண்ணை. மருமோன் அங்கை ஆரோ ஒருத்தற்றை வள்ளத்திலை கூலிக்குப் போறார். அவருக்கெண்டு ஒண்டு இருக்கட்டும்."

"அப்ப லொறி வாற அண்டைக்கு விடிய நான் வந்து அவிழ்க்கிறன். முதல்லை எந்த மரம் எந்தப் பக்கம் எண்டு குறி போடவேணும். அவிழ்ந்தாப் பிறகு கட்டினவனுக்குத்தான் தெரியும். நீ கிட்ட வராதை."

கிட்ட வராதை. எங்கள் கரையில் பெண்கள் மரத்தில் கை வைப்பதில்லை. உன் அப்பாவும் விட்டதில்லை, நீயும் விட்டதில்லை. தண்ணீருக்குள் நின்றபடி மீன்கூடையை மட்டும் என் கையில் தருவாய். அண்ணைக்குச் சரி என்று தலையாட்டினேன்.

4.2.1973

நான்தான் அவிழ்த்தேன்.

அண்ணை வருமுன் போய்விட்டேன். வேறு கை படுகிறதை என்னால் பார்க்க முடியாது, குஞ்சு. கயிறு உப்பில் இறுகிக் கல்லாகக் கிடந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் இழுத்தேன். முன்கட்டு இளகினபோது பார்த்தால், கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் மடித்து வைத்த துணி. என் மஞ்சள் சேலை! கொடியில் போட்டதைக் காணவில்லை என்று கத்தினேனே. "காத்து அடிச்சுக்கொண்டு போட்டுதம்மா, இப்ப இந்தியாவிலை ஆரோ ஒருத்தி உடுத்திருப்பாள்" என்றாய். கள்ளப் பயலே. கயிறு மரத்தைத் தின்னாமல் இருக்க அம்மாவின் சேலையைக் கிழித்திருக்கிறாய்.

அந்த மணலில் இருந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்து— பிறகு ஏலாமல் போயிற்று.

ஆழ்வாப்பிள்ளை அண்ணை வந்து தலையில் கை வைத்தார். நாலு மரமும் உருண்டு நாலு பக்கம் கிடந்தன.

"என்ன வேலை பார்த்தாய் தங்கச்சி! குறி போடேல்லையே!"

அப்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது.

"நாலும் ஏறினால் சரிதானே அண்ணை, என்ரை லொறிக்கு எல்லாப் பக்கமும் ஒண்டுதான்" என்றான், லொறியோடு வந்து நின்ற யாகப்பு. சாக்கு விரித்து அடுக்கும்போது, "ஆற்றை மரம் அம்மா?" என்று கேட்டான்.

"மகன்ரை."

"அவர் வரேல்லையோ?"

நான் சொன்னேன். அதன் பிறகு ஆனையிறவு தாண்டியும் அவன் ஒரு பகிடி விடவில்லை. வவுனியாவில் நிற்பாட்டி, நான் கேளாமலே தேத்தண்ணி வாங்கித் தந்தான். கயிறுகள் இறுக்கமாக இருக்கின்றனவோ என்று ஏறிப் பார்த்துவிட்டு வந்தான்.

5.2.1973

வந்து சேர்ந்தோம். பானை ஒன்று உடைந்தது. மரம் நாலும் பத்திரம்.

20.2.1973

கமலா வீட்டுக் கோடியில் மரங்கள் காய்கின்றன. நான் வேலை இல்லாமல் இருக்கிறேன்.

11.3.1973

இன்று மருமகன் சோமசேகரம் மரத்தைக் கட்டினார். கரைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். கமலாவின் மூத்தவள் ஓடிவந்து, "அம்மம்மா, அப்பா உங்களை வரட்டாம்" என்றாள். கூட்டாளிகள் எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்களாம். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்தால்தான் மற்றவர் முடிச்சுப் போடலாம்.

"மாமி, இந்தத் தலைப்பைப் பிடியுங்கோ."

நான் அங்கும் இங்கும் பார்த்தேன். "நான் பொம்பிளை எல்லோ, தம்பி."

"அவிழ்த்ததும் நீங்கள்தானே மாமி."

பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. மஞ்சள் துண்டை முன்கட்டில், நீ வைத்த மாதிரியே மடித்து வைத்தேன். அவர் அதன் மேலால் கயிற்றைச் சுற்றினார்.

12.3.1973

தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, "மாமி, ஒரு பக்கம் இழுக்குது" என்றார். மரங்களை மாற்றி வைத்துத் திரும்பக் கட்டினோம்.

19.3.1973

திரும்பவும் மாற்றினோம். முடிச்சு இப்போது எனக்கே வருகிறது.

28.3.1973

குஞ்சு, இன்று அவர் தனிய உன் மரத்தில் போனார். மீன் கொஞ்சம்தான், ஆனால் கூலி மீனில்லை, எங்கடை மீன். கூடையை வாங்க நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். கூடை மட்டும் இல்லை, மரத்தையும் பிடித்து இழுத்தேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறதாம். நாளைக்கு அவிழ்க்கிறோம், நானும் அவரும். எந்த மரம் எந்தப் பக்கம், குஞ்சு?