உடைந்த ஊசியின் கடைசித் துண்டு

அன்புள்ள அம்மா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. இதை உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

நேற்று எங்கள் பன்னாட்டு வணிக வகுப்பிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்க, ஆடை ஏற்றுமதி நிறுவன அதிகாரி ஒருவர் வந்திருந்தார். "தைக்கிறப்ப ஊசி உடைஞ்சா, வேற ஊசி மாட்டிட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் எப்படியோ எழுந்துவிட்டேன்.

"கூடாது சார். உடைஞ்ச துண்டெல்லாம் தேடி எடுத்து, காகிதத்துல ஒட்டிக் காட்டினாத்தான் புது ஊசி தருவாங்க. குழந்தை சட்டையில ஒரு முனை இருந்தாப் போதும், கப்பல் ஏறினது மொத்தமும் திரும்பி வந்துடும்."

"எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"எங்கம்மா சொன்னாங்க சார். தையல் மெஷின்ல வேலை பாக்கறாங்க."

"மியூட் பட்டன் பேசிடுச்சுடா!" என்று கடைசி பெஞ்ச் கத்தியது. மூன்று வருடமாக அங்கே எனக்கு அதுதான் பெயர். அதிகாரி முதல் ஆளாக என்னைத்தான் எடுத்தார், அம்மா!

அதுவரை எல்லோரிடமும் நீ ஆபீசில் வேலை பார்ப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். கல்லூரியில் சேர்ந்த அன்று உன்னை வாசலிலேயே நிற்கச் சொன்னதும் அதனால்தான். ஏன் என்று நீ இன்றுவரை கேட்டதில்லை.

அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அதே வாசல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவாயா?

உன் மகள்