படையலுக்கு நடுவில் வந்த போன்

என் கழுத்தில் தாலி கட்டிய என் மாமாவுக்கு,

நேற்று உங்கள் வருஷத் திதி. படையல் தாமதமாகத்தான் வந்தது, கோபமாக இருப்பீர்கள். கொஞ்சம் இருங்கள், காரணத்தைக் கேளுங்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. சந்தோஷப் படபடப்புதான்.

நம் பெண் கலாவின் மகள் தர்ஷினி இப்போது விமானத்தில் பணிப்பெண். நீங்கள் போகும்போது விழுப்புரத்தில் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தவள். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் திதிக்கு லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஸ்டேண்ட்பை என்று போட்டுவிட்டார்கள்.

அது என்ன வேலை தெரியுமா? யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த இடத்துக்கு இவளைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் மூன்று மணி நேரத்தில் சென்னையில் போய் நிற்க வேண்டும். கூப்பிடாமலும் விடலாம். ஆனால் போனை எடுக்காமல் விட்டால் போச்சு, புதுப்பெண் என்று பார்க்க மாட்டார்களாம்.

"திண்டிவனத்திலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல போயிடலாம் ஆயா, தாத்தாவுக்குக் கும்பிட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கேன்" என்று வந்துவிட்டாள். பெட்டி வாசலிலேயே நின்றது. யூனிபார்ம் இஸ்திரி போட்டுத் தொங்கியது. காலையிலிருந்து போனைக் கையை விட்டு இறக்கவில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் கலாவிடம் கொடுத்தாள். கலாவுக்கு வடை சுடுகிற வேலை. அவள் அந்தப் போனைக் கொண்டுபோய் யாரிடம் கொடுத்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஒலக்கூரிலிருந்து வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த உங்கள் அருமைத் தங்கச்சி ராசாத்தியிடம்.

போன் அடித்தது. பேர் இல்லாத நம்பர். ராசாத்தியின் குரல் சமையல்கட்டு வரைக்கும் எனக்குக் கேட்டது:

"லோனெல்லாம் ஒண்ணும் வாணாம்பா, ஆள வுடு!"

மறுபடி அடித்தது. "இன்னா பேஜாரா கீது உன்னோட?" மறுபடியும் கட் செய்துவிட்டாள்.

கரண்டியோடு ஓடி, குளியலறைக் கதவைத் தட்டினேன். ஈரத் தலையோடு வந்த பிள்ளை போனைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. திருப்பிக் கூப்பிட்டால் லைன் பிஸி. மறுபடி பிஸி. அப்புறம்தான் கிடைத்தது.

"ஸாரி மேம்... வர்றேன் மேம்... டெல்லியா மேம்? வந்துடறேன் மேம்!"

பிழைத்தோம். அடுத்த நிமிஷமே கொண்டை போட்டு, பொட்டு வைத்து, உதட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசி, ஆளே மாறி நின்றாள். நம் மாப்பிள்ளை காரைக் கிளப்பினார். அப்போது ராசாத்தி வாசலை மறித்து நின்றாள்.

"படையல் போட்ட வூட்ல காக்கா சோறு எடுக்காம யாரும் வாசல தாண்டக் கூடாது அண்ணி. எங்க அண்ணனுக்கு ஆவாது."

காக்காய்க்கு நான் எங்கே போவேன்? எதிர்க் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு முகூர்த்தம். ஊர்க் காக்கா முழுக்க அங்கே எச்சில் இலையில். கலா மாடிக்குப் போய்க் கத்திவிட்டு வந்தாள். ஒன்றும் வரவில்லை. பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

எனக்கு அந்தப் பழைய நாள் கண்ணில் வந்து நின்றது. கலாவை வேலூரில் நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்ட நாள். இதே ராசாத்தி, மாம்பழக் கலர் சேலை கட்டிக்கொண்டு, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: "நைட் டூட்டி பாக்கற பொண்ண எவன் கட்டுவான் அண்ணா?" நீங்களும் தலையை ஆட்டினீர்கள். கலா ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷமாகப் பேசியதில்லை.

நேற்றுப் பேசினாள் மாமா.

"அத்த, எங்க அப்பா பேச்ச ஒரு தடவ கேட்டு நான் வூட்லயே நின்னுட்டேன். அது போதும். நவுருங்க."

ராசாத்தி நகர்ந்தாள். நான் உங்கள் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிள்ளை வாயில் திணித்தேன். ஆமாம், காக்காய்க்கு முன்னால், உங்களுக்கும் முன்னால்.

"ஆயா, லிப்ஸ்டிக்!"

"போயி கார்ல பூசிக்கினு போ. ஜல்தி!"

அவள் போய்ச் சேரும்வரை யாரும் சாப்பிடவில்லை. செங்கல்பட்டில் நெரிசல் என்று நடுவில் மாப்பிள்ளை போனில் சொன்னார். கடைசியில் பிள்ளையே கூப்பிட்டாள்: "ரிப்போர்ட் பண்ணிட்டேன் ஆயா! நேரத்தோட வந்துட்டேன்!" கலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். என்னென்னவோ செய்தாள். அப்புறம்தான் உங்களுக்குக் கற்பூரம்.

சாயங்காலம் ராசாத்தி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, அவ போற ஏரோப்ளேன் நம்ம வூட்டு மேல வருமா?" டெல்லி எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் மாடிக்குப் போய் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலி கொண்டுபோய்ப் போடவில்லை, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கலா விஷயத்தில் உங்கள் மேல் எனக்கிருக்கும் கோபம் தீரவில்லை. அதை அங்கே வந்து நேரில் பேசிக்கொள்கிறேன். இப்போதைக்கு ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். இனி உங்கள் திதியை ஐயர் குறித்துக் கொடுக்க வேண்டாம். தர்ஷினிக்கு எந்த நாள் லீவோ, அந்த நாள்தான் உங்களுக்குப் படையல். முன்னே பின்னே ஆனாலும் பசியோடு காத்திருங்கள். பேத்தி தன் கையால் பரிமாறுவாள்.

இப்படிக்கு,
உங்களை விட்டுக்கொடுக்காத, எதையும் மறக்காத உங்கள் பெண்டாட்டி,
செண்பகம்