பேனரின் அடியில் ஒரு சிவப்பு வரி

மார்ச் 12, வியாழன்

காலை ஏழுக்கே வெயில். கடல் கொதிக்கிறது. இன்னும் அரை மணி போனால் மீன்கள் குழம்பாகவே கரையேறும்.

இன்றைய ராஜாங்க அலுவல்கள்: பேனர். மைதானத்தில் முள் பொறுக்கல். மோளத்துக்குச் சொல்லல். சட்டைப் பித்தான்.

அக்கா மகள் தேவிகா (இந்த நோட்டில் இனி தே.) சனிக்கிழமை வருகிறாள். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன். தடுப்பாட்டக்காரி. காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து ஆசாரியின் தட்டை உதைத்தவள். தட்டு சதுரங்கப்பட்டினம் கோட்டையைத் தாண்டிப் போனதை இந்தக் கண்கள் பார்த்தன.

ஞாயிறு மாலை கடப்பாக்கம் படகுக்காரர்களோடு அவளுக்கு ஒரு ஆட்டம் ஏற்பாடு. அவளுக்கே தெரியாது. ஆனந்த அதிர்ச்சி!

பேனர் மணி கேட்டான்: "எத்தினி கோல் அண்ணாத்த போட்டுகீது பொண்ணு?"

"ஒண்ணும் இல்ல. அது போட்ற ஆளு இல்லடா, வுடாத ஆளு."

"அப்ப பேனர்ல இன்னாத்த போட்றது?"

நியாயம். "ஆசியாவின் அலைதடுப்புச் சுவர்" என்று போடச் சொன்னேன். கூட்டம் சேர, அடியில் துணிக்கடைத் தள்ளுபடிக்காரர்கள் போடும் வரி ஒன்று: "இதை விட்டால் இனி இல்லை!" சிவப்பில்.

மார்ச் 14, சனி

செங்கல்பட்டு ஸ்டேஷன். புழுக்கம். வண்டி முக்கால் மணி லேட்.

தே. இறங்கினாள். வலது காலை மெல்ல வைத்து, இடதை அதன் பக்கத்தில் சேர்த்து, மறுபடி வலது. பையை என்னிடம் நீட்டினாள். இந்திய அணியில் சேர்ந்த பதினொரு வருஷமாக என்னைத் தொடவிடாத பை.

காரில் ஏறியதும் சொன்னாள். "மாமா, முட்டி உள்ள தசைநார் அறுந்துபோச்சி. புதன்கிழம மும்பைல ஆபரேஷன். தேற ஒரு வருஷம் ஆவும். எனக்கு முப்பத்திரெண்டு. போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். அன்னிக்குதான் வெளில சொல்லுவாங்க. அம்மாவுக்குக்கூட தெரியாது. அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத."

என் வாய் தானாக மூடிக்கொண்டது. சரித்திரத்தில் முதல் முறை.

ஊர் முனையில் பேனர். வண்டியை நிறுத்தச் சொல்லி முழுக்கப் படித்தாள். அடிவரியில் நின்றுவிட்டாள்.

"மாமா, உனக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. துணிக்கடைல பாத்தது."

சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

மாலை, ஆட்டத்தை நிறுத்தக் கடப்பாக்கம் போனேன். அவர்கள் தலைவன் ரவி, என்ஜின் மெக்கானிக். "பொண்ணுக்கு முட்டி சரியில்லடா, வேணாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"போன மாசம் சுறா உன் லுங்கிய இஸ்துகினு போச்சின்னியே, அந்த மாரியா?" என்றான் ரவி.

"தோத்துடுவோம்னு பயமா மாமா?" இது இன்னொருத்தன்.

நாற்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரே உண்மை. ஒருத்தனும் வாங்கவில்லை.

வீட்டில் தே.யிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், "ஓட மாட்டேன் மாமா. நிக்கறேன். நிக்கத் தெரியாதா எனக்கு?"

தூக்கம் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

கடல்காற்று. கூட்டம் மூவாயிரம். (இந்த நோட்டுக்கு மட்டும்: முந்நூறு.)

முட்டிக் கட்டு தெரியாமல் நீளக் கால்சட்டை. கோலுக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள் நகரவில்லை. பேசினாள், அவ்வளவுதான். எங்கள் மீன் ஏலக்காரன் சேகரிடம்: "அண்ணா, ரெண்டு அடி உள்ள வா. பந்த பாக்காத, அவன் இடுப்ப பாரு."

அரை மணி. கடப்பாக்கத்தான் ஒருத்தனாலும் கிட்டே வர முடியவில்லை.

கூட்டத்தில் ஒருத்தன்: "இன்னா மச்சான், கேப்டன் நின்னுகினே கீது!"

"நின்னுகினுதான் கீது. நீ போய் ஒரு கோல் போடேன், பாப்போம்."

கடைசி நிமிஷம் ரவி தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்தான். கால் போடப் போகிறாள், தொலைந்தாள். தே. இடப்பக்கம் ஒரு அடி வைத்தாள். ஒரே அடி. ரவி மறுபக்கம் திரும்பினான். அங்கே, அவள் நிறுத்திய இடத்தில், சேகர். அடித்த பந்து சேகர் தொப்பையில் பட்டு மோளக்காரர்கள் மேல் விழுந்தது.

பூஜ்யம், பூஜ்யம். பதினொரு வருஷம் டிவியில் பார்த்தவன் நான். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று இன்றுதான் பார்த்தேன்.

ரவி வந்து, "முட்டி போச்சின்ன! இன்னா பீலா வுட்ற மாமா!" ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

எல்லாரும் போனபின் மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "இதான் மாமா கடசி. நல்லா இருந்துச்சி."

என் ஆயுளில் நான் எழுதிய பேனர்களில் கூட்டிச் சொல்லாத வரி அந்த ஒன்றுதான். அதையும் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

மேகமூட்டம். காலையில் தே.யை விமானம் ஏற்றிவிட்டாயிற்று. பித்தான் இன்னும் தைக்கவில்லை.

மணி வந்தான். "அண்ணாத்த, பேனர கழட்டி கோழிக்கூண்டுக்குப் போட்டுக்கவா? எல்லாம் பீலாதான."

எடுத்துக்கோ என்றேன். கத்தரிக்கோல் வாங்கி அடியிலிருந்த சிவப்பு வரியை மட்டும் வெட்டிச் சுருட்டிக்கொண்டேன்.

"அது இன்னாத்துக்கு?"

புதன்கிழமை கேள் என்றேன்.