விழுந்து முளைக்காத பல்

மாப்ள, இன்று காலை தில்லைநகரில் பல் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் கிராம்புத் தைல வாசம் அடித்தது. உன் லோடு ஆட்டோதான் ஞாபகம் வந்தது. வலிக்கிற பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டே காந்தி மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வெங்காய மூட்டை ஏற்றி வருவாய்.

போன வருஷம் என் மகள் கவியின் ஏழாவது பிறந்தநாள். கேக்கும் வாயுமாக அவள் சிரித்தபோது நீ குனிந்து பார்த்தாய். "மாப்ள, கடைசிப் பல்லுல கறுப்பா ஒரு புள்ளி இருக்கு. கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றாய். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று உனக்கே பாடம் எடுத்தேன். பத்தாவதில் அறிவியலில் நான் தேறியதே ஓர் அதிசயம், அந்தத் தைரியம்தான்.

நீ விடவில்லை. "எங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு" என்று வாயைத் திறந்து, பல் போன இடத்தைக் காட்டினாய். மூடுப்பா, ஆட்டோ உள்ளே போயிடப்போகுது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாய்.

ஒரு வாரமாகக் கவி ஒரு பக்கமே மென்றாள். தண்ணீர் பட்டாலே கண் கலங்கியது. டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "இது பால் பல் இல்லங்க. ஆறு வயசுல பின்னாடி புதுசா வர்றது. எந்தப் பல்லும் விழாம முளைக்கிறதால வீட்ல தெரியறதில்ல. போனா திரும்ப வராது" என்றார்.

சொத்தை நரம்பைத் தொட்டிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, ரத்தம் கசிந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார். ரத்தம் நின்றால் நரம்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது, மருந்து வைத்து மூடிவிடலாம். நிற்காவிட்டால் பல் தங்குவது சந்தேகம்தானாம்.

பஞ்சை எடுத்தார். சிவப்பு. வேறு பஞ்சு வைத்தார். வாயைத் திறந்தபடியே கவி என்னைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்கவைப்பவன் நான். முகம் ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது பஞ்சும் சிவப்புதான். மூன்றாவதை வைத்துவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் உன் வாயிலிருந்த அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நின்னுடுச்சுங்க" என்றார்.

பல்லை அடைத்து முடித்ததும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் பல் தேய்க்க வேண்டும், அதையும் அப்பாதான் தேய்த்துவிட வேண்டும் என்றார். மற்ற மூன்று கடைசிப் பற்களின் பள்ளங்களிலும் சொத்தை வராமல் பூச்சு போட அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வீட்டுக்குப் போகவில்லை. கவியோடு நேராகத் திருவானைக்காவல், உன் வீட்டுக்கு வண்டியை விட்டேன். உன் சின்னவளுக்கு இப்போது ஆறு வயது. என் முகத்தைப் பார்த்து உன் மனைவி பயந்தே போனாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் செல்போன் வெளிச்சத்தில் குழந்தையின் வாயைப் பார்த்தேன். கடைசியில், ஈறைக் கீறிக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை.

"இது விழுந்து முளைக்காதும்மா. இப்பவே பாத்துக்கணும்."

"யாருண்ணே சொன்னா?"

உன் பெயரைச் சொன்னேன்.